மகளிர் புத்துணர்வு மன்றம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் கட்டிடங்களைவிட அடிக்கற்கள் அதிகம். இதைக் கண்டுபிடித்தவள் நான்தான், வரலாற்று ஆசிரியை என்கிற முறையில். பொன்விழா மலருக்கு 'நம் பள்ளியின் வரலாறும் வசதிகளும்' என்று ஒரு கட்டுரை வேண்டும், வரலாற்றை நான் எழுத வேண்டும், வசதிகளைத் தமிழாசிரியர் எழுத வேண்டும் என்று தலைமையாசிரியர் உத்தரவு போட்டார். இல்லாததை எழுதத் தமிழாசிரியர்தான் சரிப்படுவார் என்று அவருக்குத் தெரியும்.

ஆதாரம் தேடி வளாகத்தைச் சுற்றி வந்தேன். வாசலில் சிமெண்ட் வளைவு. அதில் 'கல்வி, கட்டுப்பாடு, அடக்கம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். வளைவைத் தாண்டினால் கலையரங்கத்துக்கு வைத்த அடிக்கல். பிள்ளைகள் அதன் மேல் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி, நீச்சல் குளத்துக்கு ஓர் அடிக்கல். குளம் வரவில்லை. ஆனால் மழை பெய்தால் மைதானமே குளம் என்பதால், திட்டம் நிறைவேறவில்லை என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. மூன்றாவது கல்லில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோய், 'தமது பொற்கரங்களால்' என்பது மட்டும் மிச்சம். எந்தக் கரம், எதற்காக நீண்டது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

பள்ளி ஆரம்பித்தது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்ட் கிடங்கில். நகரம் பிதுங்கி இந்தப் பக்கம் வழிய ஆரம்பித்த காலம். வீடுகள் முதலில் வந்தன, பிள்ளைகள் அதற்கப்புறம், பள்ளிக்கூடம் கடைசியில். 'தற்காலிகக் கட்டிடம்' என்று அப்போது ஒரு பலகை மாட்டினார்கள். அந்தப் பலகைக்கு மட்டும் இதுவரை பலமுறை புதுசாகச் சாயம் அடித்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு இன்னும் அந்தத் தற்காலிகத்தில்தான் நடக்கிறது. ரயில் போகும்போது பாடத்தை நிறுத்திவிட்டு, போன பிறகு தொடர்வோம். எங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பாடமும் முழுசாகத் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர், கிடங்குன்னு போட்டா நல்லா இருக்காதே."

"கிடங்குதானே சார்."

"பரந்து விரிந்த கூடம்னு போடுங்க. சிமெண்ட் மூட்டை அடுக்கணும்னா பரந்து விரிஞ்சுதானே இருக்கணும்?"

இவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ஆவன'. எதைக் கேட்டாலும் 'ஆவன செய்யப்படும்' என்பார். மின்விசிறி சுற்றவில்லை என்றாலும் ஆவன, கூரை ஒழுகுகிறது என்றாலும் ஆவன. ஆகாதவை எவை என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கெட்ட மனிதர் இல்லை. தன் கையெழுத்தைக் கண்டால் தானே பயப்படுகிறவர், அவ்வளவுதான்.

தமிழாசிரியருக்கும் பட்டப்பெயர் உண்டு: 'அடைமொழி'. ஒரு பெயர்ச்சொல் வெறுமனே நிற்பதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது, குளிரும் பாவம் என்று ஓர் அடைமொழியை எடுத்துப் போர்த்திவிடுவார். பூட்டிய பீரோ ஒன்றுதான் எங்கள் நூலகம். அது அவர் கட்டுரையில் 'அள்ள அள்ளக் குறையாத அறிவுக் களஞ்சியம்' ஆனது. குறையவில்லை என்பது உண்மைதான், யாரும் அள்ளவில்லையே. கணினிக் கூடத்துக்குப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவார்கள். துணி போர்த்திப் படுத்திருக்கும் கணினிகளை ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பி வருவார்கள். அது 'மின்னணுப் பூங்கா'. ஆய்வகத்தில் ஒரு கை உதிர்ந்த எலும்புக்கூடு இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை, எலும்புக்கூட்டுக்கும் மானம் உண்டு.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது.

வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டிப் பார்க்க வேண்டும், அப்போது தெரியும். பழையது இடிந்து விழுகிற நிலைமையில் இருந்தது, ஆனால் இருந்தது. புதியது கட்டுவதற்காக அதை இடித்தார்கள். தொகுதி உறுப்பினரின் நிதியில் புதியதும் எழும்பிவிட்டது. வெள்ளை ஓடு பதித்த சுவர், ஒழுங்காகச் சாத்தும் கதவுகள், குழாய், முகம் பார்க்கக் கண்ணாடி. என் பணிக்காலத்தில் இந்தப் பள்ளியில் ஒழுங்காகக் கட்டி முடித்த ஒரே கட்டிடம் அதுதான். வெண்ணெய் திரண்டு வந்தது. தாழி உடையவில்லை, பூட்டிவிட்டார்கள்.

"திறப்பு விழா ஆகலையே டீச்சர்" என்றார் ஆவன, நான் முதல் தடவை கேட்டபோது.

"விழா அப்புறம் நடக்கட்டும் சார். இப்ப கதவைத் திறந்து விட்டுடலாமே."

"இப்பவே திறந்துட்டா, அப்புறம் எதைத் திறக்கறது?"

இந்தக் கேள்வியை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன கோடை விடுமுறைக்கு முன்பு போட்ட பூட்டு. அதிலிருந்து பெண்பிள்ளைகளுக்கு எதிர்வீட்டுத் தையற்காரம்மாதான் கதி. மதிய இடைவேளையில் சாலையைக் கடந்து ஓடுவார்கள். "இது வீடா, பஸ் ஸ்டாண்டா? ஏய், காலைக் கழுவிட்டு உள்ள வாடி!" என்று அந்தம்மா கத்துவது எங்கள் ஆசிரியர் அறை வரைக்கும் கேட்கும். கத்தினாலும் ஒரு நாளும் கதவைச் சாத்தியதில்லை. ஆனால் ஒரு வீட்டில் ஒரு கழிப்பறை, ஓர் இடைவேளைக்குள் எத்தனை பேர் போக முடியும்? மற்றவர்கள் அடக்கிக்கொண்டார்கள். அடக்குவதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். வீட்டுக்கு விலக்கான நாட்களில் பள்ளிக்கே வராமல் இருந்தார்கள்.

அந்த மற்றவர்களில் ஒருத்தி என் மகள். ஒன்பதாம் வகுப்பு.

காய்ச்சல் என்றுதான் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மருத்துவர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க டீச்சர்தானே? அதே ஸ்கூல்தானே?"

"ஆமாங்க."

"காலைல வீட்டுல போனா, சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் போறாளாம். தண்ணியே குடிக்கறதில்லையாம். இது இரண்டாவது தடவை தொற்று வந்திருக்கு. இன்னொரு தடவை வந்து சிறுநீரகத்தைத் தொட்டுதுன்னா, வெறும் மாத்திரையோட போகாது. படிச்சவங்கதானே நீங்க?"

கூசிப்போனேன். உலகப் போர்களுக்கான காரணங்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவளுக்குத் தன் பிள்ளை நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத காரணம் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம் சொன்னேன், "நாளையிலேர்ந்து டீச்சர்ஸ் பாத்ரூம்ல போ. சாவியை நான் வாங்கித் தர்றேன்."

"வேணாம்மா."

"ஏன்டி?"

"டீச்சர் பொண்ணு மட்டும் போறான்னு சொல்லுவாங்க. அது மட்டும் இல்ல, என் பக்கத்துல உக்காந்திருக்கறவ வயித்தைப் பிடிச்சிக்கிட்டு இருப்பா. நான் மட்டும் எந்திரிச்சுப் போயிட்டு வந்து உக்காரணுமா?" கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளே சிரித்தாள். "அதான் ஸ்கூல் வாசல்லயே 'அடக்கம்'னு எழுதி வச்சிருக்காங்கல்ல. படிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க நாங்க, அடக்கிட்டு இருக்கோம்."

சிரித்துக்கொண்டே சொன்னவள், வீட்டுப் படியேறும்போது சிரிக்காமல் இன்னொன்றும் சொன்னாள். "இந்த வருஷத்தோட நின்னுக்கறேன்மா. கோவிச்சுக்காத. வலிக்குது."

வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை. படிப்பு வரவில்லை என்று நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், வீட்டில் வழியில்லை என்று நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கதவு பூட்டியிருக்கிறது என்பதற்காக என் மகள் படிப்பை நிறுத்துவாளா? எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை நேராக ஆவனவின் அறைக்குப் போனேன். அடைமொழியும் அங்கே இருந்தார், மலருக்கு அட்டைப்படம் பார்த்துக்கொண்டு. நான் உட்காரக்கூட இல்லை.

"சார், இன்னிக்கு அந்தப் பூட்டைத் திறக்கணும்."

"ஆவன செய்—"

"ஆவன எல்லாம் வேணாம் சார். சாவியைக் குடுங்க."

பாவம், மிரண்டுவிட்டார். அவர் கஷ்டம் அவருக்கு. உறுப்பினரின் நிதியில் கட்டியது, அவர் ரிப்பன் வெட்டாமல் திறந்தால் நாளைக்கு வேறு எதற்கும் நிதி வராது. உறுப்பினரோ வரமாட்டேன் என்கிறார். என் கண் முன்னாலேயே உறுப்பினரின் உதவியாளருக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தார்.

"திரும்பத் திரும்ப அதையே கேட்டா எப்படி சார்?" என்றது போன். "ஐயா பாலம் திறப்பாரு, பூங்கா திறப்பாரு. கக்கூஸ் வாசல்ல நின்னு ரிப்பன் வெட்டுற போட்டோ ஒண்ணு வெளிய வந்தா என்ன ஆகும் தெரியுமா? தேர்தல்ல எதிர்க்கட்சிக்காரன் அதை ஊர் பூரா ஒட்டுவான். வேற எதாவது இருந்தா சொல்லுங்க. மன்றம், அரங்கம், அந்த மாதிரி."

ஆவன போனை வைத்தார். அடைமொழி மெல்லத் தொண்டையைச் செருமினார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"பேருதானே பிரச்சினை?" என்றார். "பேரை நான் பாத்துக்கறேன். உள்ள போறவங்க எப்படி வெளிய வர்றாங்க? புத்துணர்ச்சியோட வர்றாங்க. யாரு போறாங்க? மகளிர். ஆக, மகளிர் புத்துணர்வு மன்றம்."

"சார், பேரை மாத்திட்டா உள்ள இருக்கறது மாறிடுமா?"

"ஊருக்கே பேரு மாத்தறாங்க டீச்சர். ஒரு ரூமுக்கு மாத்தக் கூடாதா?"

ஆவன எழுந்து நின்று அடைமொழியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் கதவு திறந்தால் போதும் என்று இருந்தது. எந்தப் பெயரில் திறந்தால் என்ன, தாழ்ப்பாளுக்குத் தமிழ் தெரியாதே.

மன்றம் ஒன்று தயார் என்று மட்டும் சொன்னோம், உறுப்பினர் அலுவலகத்திலிருந்து உடனே சம்மதம் வந்தது. பொன்விழா அன்றே திறப்பு. பெயர்ப்பலகை எழுதி மாட்டினார்கள், கல்வெட்டு செதுக்கினார்கள். மகளிடம் சொன்னேன், இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கொள் என்று. அவள் நாட்களை எண்ண ஆரம்பித்தாள். மாத்திரையும் எண்ணி எண்ணித்தான் விழுங்கினாள்.

அதற்கப்புறம்தான் விபரீதம் ஆரம்பித்தது. மன்றம் என்றால் எத்தனை உறுப்பினர்கள், செயலாளர் யார் என்று உதவியாளர் விசாரித்தார். தெரியாது என்று சொல்ல ஆவனவுக்கு வாய் வரவில்லை. ஒரு குழு போட்டார். குழு கூடி ஒரு தலைவியையும் இரண்டு செயலாளர்களையும் தேர்ந்தெடுத்தது. மன்றத்தில் நாற்காலி இல்லாவிட்டால் அசிங்கம் என்று, கைகழுவும் தொட்டிகளுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார்கள். ஒரு மேசை, மேசை மேல் பூ ஜாடி. சுவரில் உறுப்பினரின் படம். பொய்யை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் அது சொன்னவரையே கூட்டிக்கொண்டு போய்விடும். விழாவுக்கு முந்தின நாள் ஆவன என்னைக் கூப்பிட்டு, மன்றத்தின் விதிமுறைகளைப் படித்துப் பார்க்கச் சொன்னார்.

"'மன்றம் வெள்ளிதோறும் கடைசிப் பாடவேளையில் கூடும்'" என்று வாசித்தேன். நம்ப முடியாமல் மறுபடி வாசித்தேன். "சார், இது என்ன?"

"தினமும் திறந்து விட்டா பாழாயிடும் டீச்சர். புது ஓடு. ஐயா படம் வேற மாட்டியிருக்கு. நாளைக்கு ஐயா போனதும் பூட்டிடுவோம், அப்புறம் குழு சொல்றபடி."

"ஒண்ணுக்கு வெள்ளிக்கிழமை பாத்து வருமா சார்?"

அவர் நான் சொன்னதைக் கேட்டார். உண்மையிலேயே கேட்டார், ஏனென்றால் ஒரு கணம் அவர் முகம் மாறியது. உள்ளே இருப்பது என்ன என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். உடனே அதை விரட்டிவிட்டார்.

"ஆவன செய்யப்படும்" என்றார்.

அன்று சாயங்காலம் மகளிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. அவள் மறுநாள் மேடையில் சொல்ல வேண்டிய நன்றியுரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பேச்சுப் போட்டியில் ஜெயித்தவள் என்பதால் அவளைத்தான் போட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தவர் அடைமொழி. 'வற்றாத கருணை ஊற்றே' என்று ஆரம்பித்தது.

விழா காலையில் என்று அழைப்பிதழில் இருந்தது. பிள்ளைகளை வெயிலுக்கு முன்னாலேயே வரிசையில் நிறுத்திவிட்டோம். உறுப்பினர் வரவில்லை. வெயில் வந்தது, உறுப்பினர் வரவில்லை. புதுக் கட்டிடத்துக்கு முன்னால் போட்ட பந்தலில் ஒலிபெருக்கி மட்டும் 'இதோ வந்துகொண்டிருக்கிறார்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக்காகச் சாலையை மறித்துத் தடுப்புக் கட்டைகள் போட்டிருந்தார்கள். தையற்காரம்மா அந்தப் பக்கம் தன் வீட்டு வாசலில் நின்று, "பிள்ளைங்களை விடுய்யா, போயிட்டு வரட்டும்!" என்று போலீஸ்காரரிடம் சண்டை போட்டுப் பார்த்தார். நடக்கவில்லை.

மேடையோரத்தில் என் மகள் நன்றியுரைக் காகிதத்தோடு நின்றாள். ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றினாள். பிறகு இரண்டு கால்களையும் இறுக்கிக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா? ஆவனவிடம் ஓடினேன்.

"சார், டீச்சர்ஸ் பாத்ரூம் சாவி. அவசரம்."

"அது ஐயாவுக்கு வச்சிருக்கு டீச்சர். புதுத் துண்டு, புதுச் சோப்பு எல்லாம் வச்சாச்சு. ஐயா வந்துட்டுப் போகட்டும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாக, "அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை நுழையாதும்பாங்க. கொஞ்சம் பொறுங்க" என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது தெரிந்ததுதான். இங்கே சாமியே இன்னும் வந்து சேரவில்லை.

ஒருவழியாக வந்தார். பூங்கொத்து, கைதட்டல், வரவேற்புரை, வரவேற்புரைக்கு வாழ்த்துரை. பிறகு அவர் மைக்கைப் பிடித்தார். நல்ல குரல், அதைக் குறை சொல்ல முடியாது.

"என் அன்புச் செல்வங்களே! பெண்களுக்கென்று ஒரு மன்றம்! இனி நீங்கள் இங்கே வந்து நிம்மதியாக அமர வேண்டும்."

வரிசையில் எங்கோ ஒரு 'க்ளுக்' கேட்டது.

"எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அமருங்கள். யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள். உங்களுக்கு உள்ளே எவ்வளவோ இருக்கிறது, எனக்குத் தெரியும்! அதையெல்லாம் இத்தனை காலம் அடக்கி வைத்துவிட்டீர்கள்!"

பத்தாம் வகுப்புப் பெண்கள் ஒருவர் முதுகில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஆவன அவர்களை முறைத்தார். அடைமொழி வானத்தைப் பார்த்தார்.

"இனி அடக்காதீர்கள்! அடக்கி அடக்கி வைத்தால் அது உடம்புக்கும் ஆகாது, நாட்டுக்கும் ஆகாது! தயங்காமல் வெளியே கொண்டுவாருங்கள்! அது வெள்ளமாகப் பெருகட்டும்!"

பந்தலே குலுங்கியது. உறுப்பினர் தன் பேச்சு எடுபட்டுவிட்டது என்று நினைத்து, அதையே இன்னொரு முறை சொன்னார். ஆசிரியைகள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், என் மகளின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். அவள் சிரிக்கவில்லை. நெற்றியெல்லாம் வியர்த்து, காகிதம் கைக்குள் கசங்கிப்போயிருந்தது.

ரிப்பன் வெட்டியாயிற்று. கதவு திறந்தது. உள்ளே நாற்காலிகளும் பூ ஜாடியும் தெரிந்தன. உறுப்பினர் வாசலோடு நின்று எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். ஆவனவின் கையில் பூட்டு தயாராக இருந்ததை நான் பார்த்தேன். நன்றியுரை முடிந்ததும் போட வேண்டியது.

மகள் மைக்கை வாங்கினாள். காகிதத்தைப் பார்த்தாள். வற்றாத கருணை ஊற்றே என்று ஆரம்பிக்க வேண்டியவள், காகிதத்தை நான்காக மடித்தாள்.

"ஐயா" என்றாள். "நீங்க சொன்னபடியே நடந்துக்கறோம். இப்பவே உள்ள போகலாமா?"

"தாராளமா போம்மா!" என்றார் உறுப்பினர், கையை அகல விரித்து. "உங்க மன்றம்! நீதான் முதல் உறுப்பினர்! போ!"

அவள் மைக்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நடந்தாள். ஓடவில்லை, ஓட முடிகிற நிலையில் இல்லை. நாற்காலிகளைத் தாண்டினாள், மேசையைத் தாண்டினாள், உறுப்பினரின் படத்தைத் தாண்டினாள். கடைசியில் இருந்த கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

பந்தலில் ஒரு சத்தமில்லை. புதுக் கட்டிடம், வெறும் ஓடு, எதையும் மறைக்கத் தெரியாது. எல்லாம் கேட்டது.

வீட்டிலேயே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் போவாள், அப்பாவுக்குக்கூடச் சத்தம் கேட்கக் கூடாது என்று. அப்படிப்பட்டவள் ஊரையே வைத்துக்கொண்டு உள்ளே இருந்தாள். என் உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சம் அவளால் வந்ததில்லை என்று தெரிந்தபோது, அங்கே நின்ற பெரிய மனிதர்கள் ஒவ்வொருவர் மேலும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெருமையும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? என் பிள்ளைக்கு வலி நிற்கப்போகிறது.

பிறகு தண்ணீர் இறங்கும் சத்தம், தாராளமாக.

உறுப்பினர் மைக் கையில் இருப்பதை மறந்து ஆவன பக்கம் திரும்பினார். "என்னய்யா இது?" என்று கேட்டது மைதானம் முழுக்க எதிரொலித்தது.

"புத்துணர்வு... ஐயா" என்றார் ஆவன.

போட்டோக்காரர் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். உறுப்பினர் அனுபவசாலி, சட்டென்று பல் தெரியச் சிரித்துவிட்டார். ஆனால் ஆவன பூட்டோடு வாசலை நோக்கி நகர்ந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவரை யார் தடுப்பது என்று இதுவரைக்கும் சும்மா இருந்தவள்தான் நான். அப்போது சும்மா இருக்க முடியவில்லை. குறுக்கே போய் நின்றேன்.

"அதைக் குடுங்க சார்."

"டீச்சர், ஆவன—"

"குடுங்க."

கொடுத்தார். கையை நீட்டியதும் கொடுத்துவிட்டார். இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் கோடைக்கு முன்னாலேயே நீட்டியிருப்பேன். அதற்குள் எனக்குப் பின்னால் வரிசை கலைந்து இன்னொரு வரிசை உருவாகிக்கொண்டிருந்தது. பத்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, ஆறாம் வகுப்புக் குட்டிகள், இரண்டு ஆசிரியைகள். யாரும் சிரிக்கவில்லை.

தாழ்ப்பாள் விலகியது. மகள் வெளியே வந்தாள். கைகளைக் கழுவினாள், துடைக்கத் துண்டில்லாமல் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். உறுப்பினரை அவள் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வரிசையில் முதலாவதாக நின்ற, தன் பக்கத்து இருக்கைக்காரியிடம் போனாள்.

"தண்ணி வருதுடி" என்றாள். "தாழ்ப்பாளும் இருக்கு. போ."